பாதசாரிக்கும் ஒரு பொறியாளர்

1920-ஆம் ஆண்டில், பின்னாளில் விஞ்ஞான மேதை என்று புகழ் பெற்ற கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் பஸ்ஸை விலைக்கு வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அந்த ஒற்றை வண்டி, யு.எம்.எஸ். என்று கொங்கு நாடெங்கும் பேர் பெற்ற ஒரு பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. முதல் வண்டி ஓடிய அந்த நாட்களில் வண்டியைச் செலுத்தவும், பழுதானால் பிரித்துப் பார்க்கவும், எந்த ஊரில் எத்தனை நாழிகை நின்றால் ஜனங்கள் ஏறுவார்கள் என்று மனக்கணக்குப் போடவும் ஒரே மனிதருடைய கையும் மூளையும் போதுமானவையாக இருந்தன. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே வழியில் ஒரு பஸ் ஒழுங்காகப் போய்ச் சேருவதற்குப் பின்னால் எத்தனை விதமான உத்தியோகஸ்தர்களுடைய உழைப்பு மறைந்து நிற்கிறது என்பதை, அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரத்து இடத்துக்குத் துண்டு போடுகிற நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

பழனிமலைத் தொடரின் அடிவாரத்திலே இருக்கும் பாலசமுத்திரம் போன்ற ஓர் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, போக்குவரத்துத் துறையில் என்னென்ன வேலைகள் உண்டு என்று கேட்டால், டிரைவர், கண்டக்டர், எஃப்.சி.க்கு வரும் வண்டியைச் சோதிக்கும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்ற மூன்றோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ரெயில்வேயைச் சேர்த்துச் சொல்லும். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அருகிலேயே, தை மாதத்திலும் பங்குனி மாதத்திலும், போக்குவரத்துப் பொறியியல் என்ற சாஸ்திரத்தின் மிகக் கடினமான கேள்வி ஒன்று லட்சக்கணக்கான கால்களோடு நடந்து போய்க்கொண்டிருக்கிறது. தைப்பூசத்துக்குக் காரைக்குடிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் பாதயாத்திரையாகப் புறப்படுகிறவர்கள் திண்டுக்கல் கடந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு ஈரோடு, கரூர்ப் பகுதிகளிலிருந்து கொடுமுடிக் காவிரியின் தீர்த்தத்தைக் காவடியாகச் சுமந்து வருகிறார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவிலே நடக்கிறார்கள். அவர்கள் தோளை உரசிக்கொண்டு போகும் சாலையோ, கோயம்புத்தூரிலிருந்து பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் வரைக்கும் செல்லும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இந்த இரண்டையும், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியையும், வெறுங்காலோடு நடக்கும் பாட்டியையும், ஒரே பாதையிலே உயிர்ச்சேதமின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று யோசிப்பதற்காகவே படித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தச் சாலையும் எண்ணிக்கையில் பிறக்கிறது. சாலையோரத்துப் புளியமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையிலே ஒரு தாளை வைத்துக்கொண்டு, போகிற வண்டிக்கு ஒரு கோடும் வருகிற வண்டிக்கு ஒரு கோடுமாகக் கிழித்துக்கொண்டிருக்கும் இளைஞரைச் சிலர் பார்த்திருக்கலாம். சுங்கத்துக்கு ஆள் வந்திருக்கிறதோ என்று சந்தேகித்தும் இருக்கலாம். அவர் போக்குவரத்துக் கணக்கெடுப்பாளர். 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற நிபுணர் சபை வகுத்த விதிப்படி, இத்தகைய கணக்கெடுப்பு ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் ஏழு நாள் இரவு பகலாக, அறுவடையும் சந்தையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் ஒன்றும், ஓய்ந்த காலத்தில் ஒன்றுமாக நடைபெற வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் புறப்படும் லாரிகளை நினைத்தால் இந்த விதியின் நியாயம் விளங்கும்.

இப்படி எண்ணிய வண்டிகள் அனைத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதற்கு நிபுணர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கார் என்பது ஓர் அலகு, கிராமப்புறச் சாலைகளுக்காக 1990-இல் வெளியிட்ட அட்டவணையின்படி ஒரு பஸ் அல்லது லாரி மூன்று கார்களுக்குச் சமம், சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அரைக் காருக்குச் சமம், தள்ளுவண்டி மூன்று, பெரிய மாட்டுவண்டியோ, மெதுவாகப் போய் எல்லாரையும் நிறுத்திவைப்பதனாலே, எட்டுக் கார்களுக்குச் சமம். குதிரை வண்டியைக்கூட மறவாத அந்த அட்டவணையில் நடந்து போகும் மனிதனுக்கு எண்ணே கிடையாது. சாலையின் கொள்ளளவைக் கணக்கிடுவதற்கென்று செய்த அட்டவணையாதலால் அதிலே அவன் இடம் பெறாததை ஒரு குற்றமாகச் சொல்லிவிட முடியாது. பாதசாரிகளை எண்ணுவதற்குத் தனியான முறைகள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் அந்தத் தனிக் கணக்கை எடுக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் எண்ணிப் பார்த்து உத்தரவிட்டால்தான் அது எடுக்கப்படும். எடுக்காவிட்டால், தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒரு சாலையில் ஐம்பதினாயிரம் பேர் நடந்தாலும், காகிதத்தில் அந்தச் சாலை வெறிச்சோடியே கிடக்கும். அப்படி எண்ணிப் பார்த்து உத்தரவிடுகிறவரே போக்குவரத்துத் திட்டமிடுநர். இந்த முழுத் துறையிலும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகும் உத்தியோகம் அதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் காட்டிலும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் திருவிழாவுக்கு எந்த வழியாக ஜனங்கள் வருவார்கள், எந்தத் தோட்டத்துக்காரருடைய கிணறு சாலைக்கு அந்தப்புறம் இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பவையெல்லாம் அவருடைய பாடப்புத்தகத்தில் அச்சிடப்படாத அத்தியாயங்கள். நான்கு வழிப் புறவழிச்சாலை ஒன்று வயல்வெளியை அறுத்துக்கொண்டு போகும்போது, மாடும் டிராக்டரும் கடந்து போவதற்குச் சுரங்கப் பாலம் எங்கே விட வேண்டும் என்பதை அவர் தப்பாகத் தீர்மானித்துவிட்டால், அந்தத் தப்பைத் திருத்துவதற்கு ஊரார் நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிக்கத் தொடங்குவார்கள். விபத்து நடந்த பிறகு, குதித்தவர்கள் மேலேயே பழி விழும்.

திட்டமிட்ட சாலைக்கு உருவம் கொடுப்பவர் வடிவமைப்புப் பொறியாளர். அவருடைய வேலை எத்தனை நுட்பமானது என்பதைக் காட்ட ஒரு சிறு கணக்கே போதும். இரண்டு வழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். நடப்பவருடைய வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். ஆகவே குறுக்கே கடப்பதற்கு ஏறத்தாழ 6 விநாடி பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்துக்குள் 130 மீட்டர் ஓடி வந்துவிடும். பாதயாத்திரையில் கால் கொப்பளித்து, தலையிலே மூட்டையும் சுமந்த மூதாட்டி விநாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் நடக்க மாட்டாள். அவளுக்கு 9 விநாடி வேண்டும், வண்டியோ அதற்குள் 195 மீட்டர் வந்திருக்கும். இனி டிரைவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அபாயத்தைக் கண்ணால் கண்டு, மூளையால் உணர்ந்து, காலால் பிரேக்கை மிதிப்பதற்கு 2.5 விநாடி என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கணக்கு வைத்திருக்கிறது. அந்த இரண்டரை விநாடியில், பிரேக் பிடிப்பதற்கு முன்பே, வண்டி 55 மீட்டர் ஓடியிருக்கும். முழுவதும் நிற்பதற்கு 120 மீட்டர் தேவை. அதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 45 மீட்டரில் நின்றுவிடும். எனவே, ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவோ, ஒரு விளம்பரப் பலகையோ, ஒரு சீமைக் கருவேலம் புதரோ 120 மீட்டர்ப் பார்வையை மறைக்குமானால், அங்கே பாட்டியும் சரியாகவே நடந்து, டிரைவரும் சரியாகவே ஓட்டியபோதிலும் விபத்து நேரலாம். யாரும் தவறு செய்யாமலே ஓர் உயிர் போகக்கூடிய இடத்தை வரைபடத்திலேயே கண்டுபிடித்து அழிப்பதுதான் இந்தப் பொறியாளரின் தர்மம்.

கொடைக்கானல் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளிலே ஏறும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். வளைவின் வெளிப்பக்கத்து விளிம்பை உட்பக்கத்தைவிட உயர்த்தி வைத்தால்தான் வேகமாகத் திரும்பும் வண்டி வெளியே தூக்கி எறியப்படாது. மலைச்சாலையில் இந்தச் சரிவை நூற்றுக்குப் பத்து வரை அனுமதிக்கிறார்கள். சமவெளியில் நூற்றுக்கு ஏழோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் உயர்த்தினால், வைக்கோல் பாரம் ஏற்றி மெல்ல ஊர்ந்து வரும் வண்டி உட்பக்கமாகக் கவிழ்ந்துவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். வேகமாகப் போகிறவனுக்காகச் செய்யும் காரியம் மெதுவாகப் போகிறவனைக் கொல்லக் கூடாது என்ற இந்த விதியைப் படிக்கும்போது, சாலைப் பொறியாளர்கள் எழுதிய வறண்ட கையேடுகளிலும் கொஞ்சம் காருண்யம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மண்ணையும் ஜல்லியையும் தாரையும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்காரர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. சென்னை ராஜதானியில் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையாக அமைந்தது 1946-இல்; அதன் ஆராய்ச்சி நிலையம் கிண்டியில் 1957-இல் ஏற்பட்டது. இந்தப் பிரிவில் ரசாயனம் படித்தவர்களுக்கும் வேலை உண்டு என்பதற்கு, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ஆர். வாசுதேவனே சாட்சி. குப்பையில் போகும் பிளாஸ்டிக்கை உருக்கி ஜல்லிமேல் பூசித் தாரோடு கலந்து சாலை போடலாம் என்று அவர் காட்டிய வழி பல மாநிலங்களுக்கும் பரவியது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாதுகாப்பு என்ற பகுதிக்கு வருவோம். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரெயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. பெருவெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரெயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். மந்திரியின் ராஜினாமாவை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆயினும் அத்தகைய விபத்துக்குப் பின் இருப்புப் பாதையை முழம் முழமாக அளந்து, சாட்சிகளை விசாரித்துக் காரணம் எழுதுகிற அதிகாரி ஒருவர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இன்று ரெயில்வே பாதுகாப்பு ஆணையர் என்ற பெயருடைய அந்த அதிகாரியின் விசேஷம் என்னவென்றால், அவர் ரெயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். 1941-இலேயே அந்தப் பரிசோதகர்களை ரெயில்வே போர்டின் பிடியிலிருந்து பிரித்துவிட்டார்கள். இப்போது அவர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். திண்டுக்கல்–பழனி–பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றியபோதும், அவர் வந்து பார்த்து அனுமதி அளித்த பின்புதான் அதிலே பிரயாணிகளை ஏற்ற முடிந்தது. கட்டியவனே சோதிக்கவும் கூடாது என்பது இதன் தத்துவம்.

அதே தத்துவம் சாலைக்கும் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது. சாலைப் பாதுகாப்புத் தணிக்கையாளர் என்று ஓர் உத்தியோகம் தோன்றியிருக்கிறது. வங்கியிலே கணக்கைத் தணிக்கை செய்வதுபோல, இவர் ஒரு சாலையின் திட்டத்தை வரைபடத்தில் ஒருமுறையும், கட்டும்போது ஒருமுறையும், திறப்பதற்கு முன்பு ஒருமுறையும் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கக் கடமைப்பட்டவர். அந்தச் சாலையை வடிவமைத்ததில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. பகலில் பார்த்த இடத்தை இரவிலும் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு விதி. நல்ல தணிக்கையாளர் ஒருவர் ஆயக்குடி வழியாக வந்தால், சாலையோரத்தில் குவித்திருக்கும் கொய்யாப் பழங்களின் மணத்தில் மயங்காமல், பழம் வாங்கக் கார்கள் திடீரென்று ஓரம் கட்டும் இடம் எது, பின்னால் வரும் பஸ் ஒதுங்க அங்கே எத்தனை அடி இருக்கிறது, அந்தக் கார்கள் நடைபாதையில் ஏறி நின்றுவிட்டால் யாத்திரிகர்கள் எங்கே இறங்கி நடப்பார்கள் என்று குறித்துக்கொள்வார். பழக்கடைகளை விரட்ட வேண்டும் என்று எழுதுகிறவர் மோசமான தணிக்கையாளர். வண்டி நிற்பதற்கு ஓர் ஒதுக்கிடம் போட்டுக் கொடுங்கள் என்று எழுதுகிறவரே தொழில் தெரிந்தவர்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ விதிகளைப் பின்பற்றாததனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. தொகை சிறியதுதான். எனினும் விபத்து என்றால் டிரைவர் குடித்திருந்தானா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகிய நம் தேசத்தில், சாலை சரியாக இருந்ததா என்று கேட்கவும் சட்டத்தில் ஓர் இடம் உண்டாயிற்று. விபத்துக்குச் சாலையை அமைத்தவர்களும் பொறுப்பு என்ற இந்தக் கொள்கையை ஸ்வீடன் நாட்டின் பார்லிமெண்ட் 1997-இலேயே ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் இதை ஓயாமல் எடுத்துச் சொல்லி வந்தவர், 2021-இல் காலமான டில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன்; வயற்காட்டு இயந்திரங்களில் கையை இழக்கும் கூலிகளுக்காகவும் ஆராய்ச்சி செய்த அவர், நெடுஞ்சாலையில் நடப்பவனை மறந்த பொறியியலைப் பொறியியலாகவே மதிக்கவில்லை.

அவருடைய கோபத்துக்குக் காரணம் எண்களிலேயே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தேசத்திலேயே முதலிடம், 64,105 விபத்துகளோடு, தமிழ்நாட்டுக்கு; உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இந்த எண்களுக்குள்ளே நுழைந்து, எந்த இடத்தில், எந்த மணியில், எந்த வகை வண்டியால் என்று பிரித்துப் பார்க்கிறவர்களும் இப்போது தேவைப்படுகிறார்கள். போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் விவரங்களைப் பதிவு செய்யும் தேசிய ஏற்பாட்டை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி. ஆகவே கணினியும் புள்ளியியலும் படித்தவர்களுக்கும் இந்தத் துறையின் கதவு திறந்திருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் எங்கே காத்திருந்தால் விரைவில் போய்ச் சேரும் என்று தீர்மானிப்பதும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்தெடுப்பதும்கூட, இத்தகைய கணக்குகளால் செம்மைப்படக்கூடிய காரியங்களே.

இனி, கட்டிய பிறகு நடத்திச் செல்கிறவர்கள். பழனி மலையில் 2004-இல் ஏற்பட்ட ரோப்கார் மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கொரு முறை பல வாரங்களும் நிறுத்திவைக்கப்படுகிறது. தூரத்திலிருந்து வந்த பக்தர்கள் முணுமுணுப்பது இயல்பே. அந்த நாட்களில் கம்பி வடத்தையும் உருளைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, பெட்டிகளில் மனிதர்களுக்குப் பதிலாக எடைகளை வைத்து ஓட்டிப் பார்த்து, நிபுணர்கள் சம்மதித்த பிறகே ஜனங்களை ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தால் முணுமுணுப்புக் குறையும். மலையடிவாரத்திலோ, மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவுக்கிணங்க 2024-இல் கிரிவீதியில் தனியார் வண்டிகள் நிறுத்தப்பட்டு, கோயில் சார்பில் பேட்டரி கார்கள் ஓடத் தொடங்கின. வண்டிகளை எங்கே நிறுத்திவைப்பது, முதியோரை எப்படி அழைத்துச் செல்வது, கடைக்காரர்களுடைய சரக்கு எப்போது வருவது என்பவையெல்லாம் போக்குவரத்து மேலாண்மை என்னும் தனிக் கலை. நீதிமன்றம் சொல்லுகிற வரைக்கும் காத்திராமல் நிபுணர்களே முன்கூட்டிச் செய்திருக்க வேண்டிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த உத்தியோகங்களுக்குப் போகும் வழி அவ்வளவு மறைவானதன்று. சிவில் டிப்ளமோ படித்தவர்கள் நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைதொழில் அலுவலராகவும், பி.இ. சிவில் முடித்தவர்கள் உதவிப் பொறியாளராகவும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வின் மூலம் சேரலாம். பின்னர் உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று படிகள் ஏறும். மோட்டார் வாகன ஆய்வாளர் பதவிக்கு ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் படிப்போடு பட்டறை அனுபவமும் ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள். போக்குவரத்துப் பொறியியலில் மேற்படிப்பு கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும், சென்னை ஐ.ஐ.டி.யிலும், திருச்சி என்.ஐ.டி.யிலும் இருக்கிறது. திட்டமிடல் மேற்படிப்பில் பூகோளமும் பொருளாதாரமும் சமூகவியலும் படித்தவர்களும் சேர முடியும் என்பதைப் பலர் அறியாமலே விட்டுவிடுகிறார்கள். தரமணியில் 1976 முதல் இயங்கும் சாலைப் போக்குவரத்து நிறுவனம் டிரைவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. சாலைப் போக்குவரத்துக்கென்றே 1984-இல் ஈரோட்டில் தொடங்கிய கல்லூரி இன்று அரசுப் பொறியியல் கல்லூரியாக இருக்கிறது.

பழனிச் சாலையில் சில பகுதிகளில் பாதயாத்திரிகர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை போடப்பட்டிருக்கிறது. போலீசார் இரவில் நடப்பவர்களுடைய பைகளில் ஒளிரும் வில்லைகளை ஒட்டி அனுப்புகிறார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். நெடுஞ்சாலை அதிகாரிகளிடம் இன்னும் ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: அடுத்த போக்குவரத்துக் கணக்கெடுப்பைத் தைப்பூச வாரத்திலும் பங்குனி உத்திர வாரத்திலும் வைத்து, ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையிலும் தாராபுரம் சாலையிலும் பாதசாரிகளை இரவு பகலாக எண்ணுவதற்குத் தனித் தாள் ஒன்றைக் கொடுங்கள், எண்ணும் வேலையைப் பாலசமுத்திரம், ஆயக்குடி, நெய்க்காரப்பட்டிப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், கிடைக்கும் கணக்கை ஊரார் பார்க்கும்படி பழனி பஸ் நிலையத்தில் ஒட்டி வையுங்கள்.